தும்மினால் திறக்கும் கதவு

மார்ச் 4, செவ்வாய்

பால் தீர்ந்துவிட்டது. துவைக்கிற சோப்பும் வாங்க வேண்டும். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படிக்கலாம் என்றுதான் நினைத்தேன். நினைத்ததோடு சரி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உறையைக் கிழித்துவிட்டேன்.

நிராகரித்துவிட்டார்கள். சல்லிக்காசு கிடையாதாம்.

ஜனவரியில் நாங்கள் மூன்று பேரும் இவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது திருடர்கள் பின்கதவை நெம்பி, வீட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார்கள். டிவி, மகளின் லேப்டாப், என் சங்கிலி, கம்பளிக் கோட்டு, புது மைக்ரோவேவ். எல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் லேபுக்குப் போய், ஊர்ப்பட்ட பேருக்கு ரத்தம் எடுத்து, நான் சேர்த்தது. வீட்டுச் சாமான்களுக்குக் காப்பீடு எடுத்ததும் நான்தான். இவர் அதற்கும் சிரித்தார்.

இப்போது மூன்று காரணம் எழுதியிருக்கிறார்கள். பின்கதவுப் பூட்டு பெயரளவுக்கே இருந்ததாம். டிவி வீட்டில் இருந்ததை உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். பொருட்கள் போனதில் குடும்பத்துக்குக் குறிப்பிடத்தக்க வருத்தம் இல்லையாம். அதாவது, நாங்கள் பொய் சொல்கிறோம். நான் பொய் சொல்கிறேன். இதையெல்லாம் யார் சொன்னார்கள் என்று பார்த்தால், "காப்பீடு எடுத்தவரின் கணவர்". கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

வரட்டும் அந்த மனுஷன்.

அதே நாள், சாயங்காலம்

வந்தார். கேட்டேன்.

கம்பெனியின் மதிப்பீட்டாளர் வந்த அன்று நான் வேலைக்குப் போயிருந்தேன். அந்த ஆளை அதற்கு முன்பு ஒரு தடவை பார்த்திருக்கிறேன். குரலே எழும்பாது, முகத்தில் ஒரு அமைதி, சாந்தசொரூபி. இவர் அவரை உட்காரவைத்து டீ போட்டுக் கொடுத்திருக்கிறார். நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்த ஒருவர் சிரிக்காமல் எழுந்து போய்விட்டால் இவருக்குச் சோறு இறங்காது.

பூட்டு எப்படிப்பட்டது என்று கேட்டதற்கு, "அது அழகுக்கு மாட்டினதுங்க. பலமா ஒரு தும்மல் போட்டா திறந்துக்கும்" என்றாராம். டிவி எத்தனை இன்ச்? "ரிமோட் என் கைக்கு வந்தாதானே தெரியும்? வீட்டுல டிவி ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டிருக்கேன்." ரொம்ப வருத்தமா இருக்குமே சார்? "என்ன வருத்தம், தூசி தட்டுற வேலை மிச்சம்."

"அவர் சிரிச்சாரா?" என்று கேட்டேன்.

"லேசா சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

"எழுதினதைப் படிச்சுப் பாத்தீங்களா?"

"பாவம், அவருக்கு இன்னும் நாலு வீடு பாக்கணுமாம். எதுக்கு நிக்க வைக்கிறதுன்னு போட்டுட்டேன்."

பாவமாம்! விரல் நீள ரத்தக் குப்பியில் பேர் ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு தடவை படிக்கிறவள் நான். எனக்குப் போயி இப்படி ஒரு ஆளா? இந்த வாயை வச்சுக்கிட்டு என்ன பண்றது நான், எங்க போயி முட்டிக்கிறது?

மார்ச் 5, புதன்

இவரோடு பேசவில்லை. பேசப் போவதும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

மகள்தான் தூது. "அம்மா, அப்பா உப்பு எங்கன்னு கேக்கறார்."

"தும்மச் சொல்லு. டப்பா தானா திறந்துக்கும்."

அவள் சிரித்துவிட்டாள். கூடத்தில் இவரும் சிரித்தது கேட்டது. அதுதான் பொறுக்கவில்லை. நான் இங்கே வெந்துகொண்டிருக்கிறேன், இவருக்கு அதுவும் ஒரு வேடிக்கை. உறைக்கவே உறைக்காதா? உறைக்க வைக்கிறேன். இவரை அப்புறம் கவனித்துக்கொள்ளலாம், முதலில் அந்தச் சாந்தசொரூபி.

ஒரு நாள் அவன் எங்கள் லேபுக்குச் சர்க்கரை பார்க்க வருவான் என்று வைத்துக்கொள்வோம். வரட்டும், உட்காரட்டும். கையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். "கிடைக்கலையே சார்." இந்தக் கையில் ஒரு குத்து, அந்தக் கையில் ஒரு குத்து, மறுபடி இந்தக் கையில். கடைசியில் எழுதி வைப்பேன்: வலித்ததை உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மார்ச் 17, திங்கள்

போலீஸ் அறிக்கையின் நகலை வைத்து மறுபரிசீலனைக்கு எழுதிப் போட்டேன். கடப்பாறையால் நெம்பிய தடம் இருந்தது என்று அதில் தெளிவாக இருக்கிறது. போனும் போட்டேன். எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும்.

"கையெழுத்துப் போட்ட வாக்குமூலம் இருக்குங்க மேடம். பூட்டு ஏற்கெனவே சரியில்லன்னு சார் சொல்லியிருக்காரே."

"அது விளையாட்டுக்குச் சொன்னதும்மா."

"விளையாட்டுன்னு அதுல எழுதலையே மேடம்."

ஏப்ரல் 2, புதன்

மறுபடியும் இல்லை என்றுவிட்டார்கள். அரைநாள் லீவு போட்டு நேரே அந்த ஆபீசுக்குப் போனேன். கண்ணாடித் தடுப்பு, தண்ணீர் ஊற்றாத தொட்டிச்செடி, அதற்குப் பின்னால் அவன். எழுந்து நின்று வரவேற்றான். நாற்காலியை இழுத்துப் போட்டான். நான் பேசப் பேசத் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். எல்லாம் கேட்டுவிட்டுச் சொல்கிறான்:

"உங்க வீட்டுக்காரர் ரொம்ப நல்ல மனுஷங்க. அன்னிக்கு என்ன கலகலப்பாப் பேசினார் தெரியுமா!"

கலகலப்பாக! அப்படியானால் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் விளையாட்டுப் பேச்சு என்று தெரிந்துதான், சிரித்துக்கொண்டே, நான் வாங்கி வைத்த டீத்தூளில் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே எழுதியிருக்கிறான். உன்னை விடமாட்டேண்டா. வேலையை விட்டாலும் விடுவேன், உன்னை விடமாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

லேபில் பக்கத்து மேஜைக்காரி ஒரு வழி சொன்னாள். காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் என்று ஒரு அலுவலகம் இருக்கிறதாம். அவர்கள் சொன்னால் கம்பெனி கேட்டே ஆக வேண்டுமாம். அவள் அண்ணன் கார் விஷயத்தில் அங்கே போய்த்தான் ஜெயித்தாராம்.

"ஆனா அந்த வாக்குமூலத்தை உடைக்கணும். உங்க வீட்டுக்காரர் பேச்சை யாரும் நம்பக் கூடாதுன்னு காட்டிட்டீங்கன்னா முடிஞ்சது," என்றாள். சொல்லிவிட்டு, "கஷ்டம்தான்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

என்ன கஷ்டம்? எனக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருந்தது. அவனையும் இவரையும் ஒரே நாளில், ஒரே அறையில் வைத்து உரித்துவிடலாம். பஸ்ஸில் வரும்போது தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மே 11, ஞாயிறு

விசாரணைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஜூன் 12. சாட்சிக் கடிதம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நாத்தனார். தம்பியின் லீலைகளைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. சின்ன வயதில் தலைமை ஆசிரியரிடம், "எங்கப்பா வீட்டுல இல்லை, ஜெயில்ல இருக்கார்" என்று சொல்லி, அந்த மனிதர் பழத்தோடு ஆறுதல் சொல்ல வீட்டுக்கே வந்துவிட்ட கதையை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது கையை விடாமல் பிடித்துக்கொண்டு, "எழுதித் தரேம்மா. ஆனா நாலு பேர் முன்னாடி அவனை ரொம்ப இறக்கிடாதே" என்றார்.

"உள்ளதைத்தானே அண்ணி சொல்லப் போறேன்," என்றேன்.

அப்புறம் இவர் வேலை பார்க்கும் டிரைவிங் ஸ்கூல் முதலாளி. அவர் வாய் நிறையச் சிரித்தார். "வண்டியில உக்காந்ததுமே கை நடுங்குறவங்களையெல்லாம் உங்க வீட்டுக்காரர்கிட்டதாங்க அனுப்புவேன். 'பிரேக் எதுக்கு, அழகுக்கு வச்சிருக்காங்க'ன்னு ஏதாவது சொல்லிச் சிரிக்க வச்சிருவார். பயம் போயிரும். இதையெல்லாம் எழுதட்டுமா?"

"அதெல்லாம் வேண்டாங்க. எதையும் விளையாட்டாப் பேசுவார், சொல்றதை அப்படியே எடுத்துக்க முடியாதுன்னு மட்டும் எழுதுங்க. போதும்."

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 11, புதன்

"நாளைக்கு நான் என்ன சொல்லணும்?" என்று கேட்டார். சட்டையைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. உங்க திருவாயால வேற ஒண்ணும் உதிர்க்க வேண்டாம்."

"தும்மல் வந்தா?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

ஒன்றையும் விடாமல் எழுத வேண்டும். இந்த நாள் எனக்கு வேண்டும்.

சின்ன அறைதான். நீள மேஜை. குறைதீர்ப்பாளர் ஒரு அம்மாள், ஜலதோஷத்தோடு கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்திருந்தார். எதிரே சாந்தசொரூபியும் கம்பெனி வக்கீலும். இந்தப் பக்கம் நான், இவர், மகள்.

முதலில் அவனிடம் நானே கேள்வி கேட்க அனுமதித்தார்கள்.

"தும்மினா கதவு திறந்துக்கும்னு இவர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னார்."

"அந்தத் தும்மலை ஏன் எழுதல?"

"அது... அறிக்கைக்குப் பொருத்தமா இல்லைங்க."

"தும்மல் பொருத்தமில்ல. திறந்துக்கும்ங்கிறது மட்டும் பொருத்தமா? தும்மினாத் திறக்கிற கதவை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா சார்?"

அந்த நேரம் பார்த்து அந்த அம்மாள் தும்மினார். எல்லோரும் அறைக்கதவைப் பார்த்தோம். வக்கீலே சிரித்துவிட்டார். சாந்தசொரூபியின் காதுமடல் சிவந்ததைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான். எனக்கு வயிறு குளிர்ந்தது. ஆமாம், குளிர்ந்தது, எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தோன்றவில்லை. கடிதங்களைப் படித்தேன். நாத்தனார் எழுதியது, முதலாளி எழுதியது, அப்புறம் நானே சேர்த்துக்கொண்டது. "மேடம், இவர் சொல்றதை எங்க வீட்டுல யாரும் காதுல போட்டுக்கிறதே இல்லை. நானும் போட்டுக்கிறதில்லை, பொண்ணும் போட்டுக்கிறதில்லை. கல்யாணமான நாள்லேர்ந்து உருப்படியா ஒரு வார்த்தை பேசினதில்லை. இவர் பேச்சை நம்பி ஒரு ஆணிகூட அடிக்க முடியாது. இவர் கையெழுத்துக்கு என்ன மதிப்பு இருக்கு?" குரல் கணீரென்று வந்தது. மகள் என் முழங்கையைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டேன்.

அந்த அம்மாள் இவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்றதை யாரும் நிஜம்னு எடுத்துக்க வேண்டியதில்லைன்னு உங்க மனைவி சொல்றாங்க. ஒத்துக்கிறீங்களா?"

இவர் எழுந்து நின்றார். எல்லோரும் இவர் வாயையே பார்த்தார்கள். சிரிக்கத் தயாராக இருந்தார்கள். இவருக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"ஆமாங்க," என்றார். "என் பேச்சை யாரும் எடுத்துக்க வேண்டியதில்லை."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மாள் எழுதிக்கொண்டார்.

ஜூன் 13, வெள்ளி

நன்றாகத் தூங்கினேன்.

ஜூலை 8, செவ்வாய்

ஜெயிச்சுட்டேன்!

முழுத் தொகையும் தர வேண்டும் என்று தீர்ப்பு. இரண்டாவது பக்கத்தில் இன்னொன்று: மதிப்பீட்டாளர் கூற்றின் ஒரு பகுதியை மட்டும் எடுத்து எழுதியது கண்டிக்கத்தக்கது, அவரை இந்தப் பணியிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அந்த வரியை லேபில் பக்கத்து மேஜைக்காரிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். ரத்தம் கொடுக்க வந்தவர்களும் கேட்டார்கள், கேட்கட்டும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இனி வேறு யாராவது உட்கார்ந்து அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக இவரிடம் சொன்னேன். மார்ச்சுக்குப் பிறகு நானாகப் போய்ப் பேசியது இன்றுதான். "நல்லது. நீ எவ்வளவு அலைஞ்சே," என்றார். மேற்கொண்டு ஏதாவது வரும் என்று நின்றேன். குளிக்கப் போய்விட்டார்.

போகட்டும். வாய் கொஞ்சம் அடங்கட்டும் என்றுதானே நான் கேட்டேன்.

ஜூலை 20, ஞாயிறு

டிரைவிங் ஸ்கூல் முதலாளி போன் செய்தார், இவருக்கல்ல, எனக்கு.

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கீங்களா? இல்ல, ஒண்ணுமில்ல... உங்க வீட்டுக்காரர் வண்டியில பேசவே மாட்டேங்கறாராம். 'இடது, வலது, நிறுத்துங்க', அவ்வளவுதானாம். புதுசா வந்த ஒரு அம்மா பயந்துபோய்ப் பாதியில நின்னுட்டாங்க."

"வண்டி ஓட்டும்போது என்னங்க பேச்சு? அது நல்லதுதானே," என்றேன்.

அவரும் "அதுவும் சரிதாங்க" என்று வைத்துவிட்டார். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தச் சாந்தசொரூபி மேல்தான், வேறு யார் மேல்?

இவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்கிறார். கேட்டதற்கு மட்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புது டிவி வந்தது. பழையதைவிடப் பெரிசு. மாட்டுவதற்குக் கடையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அதில் பெரியவர் நல்ல பேச்சுக்காரர், ஏணியில் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார். மகள் புது லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். அளவெல்லாம் எடுத்துவிட்டு அவர் துளை போடும் மிஷினைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இவரிடம் கேட்டார்:

"சார், இந்த வீட்டுல இவ்வளவு கனத்தைச் சுவர் தாங்குமா?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டோரம் லேசாக அசைந்த மாதிரி இருந்தது. இவர் சுவரருகே போனார். விரலை மடக்கி இங்கே தட்டினார், கொஞ்சம் தள்ளி அங்கே தட்டினார், காதை வைத்துக் கேட்டார்.

"தாங்குங்க," என்றார். "செங்கல் சுவர்தான்."

ஏணியில் இருந்தவர் மிஷினைப் போட்டார். நான் சிரிப்பதற்கு வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.