கூலர் ஓடிய பதினேழு நாட்கள்

ஏப்ரல் 29

காலை எட்டு மணிக்கே தரை சுடுகிறது. தலைக்கு மேல் மொட்டைமாடி. அது வாங்குகிற வெயிலை எல்லாம் அப்படியே எங்களுக்கு இறக்கிவிடுகிறது. குளிர்ந்த மாதத்தில் இந்தக் கடலோர ஊருக்கு வந்து பார்த்த வீடு. பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிறதே என்று தலையாட்டிவிட்டேன். நாலு மாடி ஏற்றிக் கொண்டுவந்த அப்பாவை அதன் பிறகு கீழே இறக்கவே இல்லை.

பக்கவாதத்தில் அவருக்கு வலது பக்கமும் பேச்சும் போய் ஐந்து மாதம். பயிற்சி கொடுக்க வீட்டுக்கு வரும் பெண்ணுக்கு மே முழுவதும் லீவு. டாக்டர் போன வாரம் போனில் சொன்னது: "இந்தக் கோடையத் தாண்டிட்டா போதும். உடம்பு மட்டும் சூடேறாமப் பார்த்துக்கங்க." ஏதோ பால் பொங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது போல.

அதற்காகத்தானே ஊரிலிருந்தே கூலரைச் சுமந்து வந்தேன்! அப்பா கடைசியாகத் தன் கையால் செய்தது. தகரப் பெட்டி, மூன்று பக்கமும் நார்த் தட்டி, அடியில் தண்ணீர், முன்னால் விசிறி. நாற்பது வருடம் கூலர் செய்தும் ரிப்பேர் பார்த்தும் எங்களை வளர்த்தவர். எங்கள் ஊர் வறண்ட வெயிலில் இதன் முன்னால் உட்கார்ந்தால் போர்வை தேட வேண்டியிருக்கும். இன்று போட்டுவிட்டேன். ஜன்னல்களை எல்லாம் சாத்தி ஈரத் துப்பட்டி தொங்கவிட்டேன், ஊரில் செய்கிற மாதிரியே. பின்பக்கம் ஒரு சாண் மட்டும் திறப்பு.

மே 1

அக்கா பேசினாள். அவள் இருக்கிற பனி தேசத்தில் முப்பத்திரண்டு டிகிரியாம். "செத்துட்டோம்டி" என்கிறாள். கடைகளில் ஒரு ஃபேன் கூட மிச்சமில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு சூப்பர் மார்க்கெட்டில் ஐஸ்கிரீம் வைக்கிற பெட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றாளாம். கடைக்காரன் என்ன வேண்டும் என்று கேட்டால், யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று பதில்.

"இந்த வீடு குளிருக்குன்னு கட்டினதுடி. உள்ள வந்த சூட்ட வெளிய விடமாட்டேங்குது."

முப்பத்திரண்டுக்கு இந்தக் கூப்பாடா என்று வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். லீவு கிடைக்கவில்லை என்றாள். நானும் கேட்கவில்லை.

மே 3

பின்பக்கத்துத் திறப்பு வழியாக அனல் வருகிறது. அதையும் அடைத்துவிட்டேன்.

மே 6

அப்பா இடது கையைத் தூக்கித் தூக்கிக் கூலரைக் காட்டுகிறார். காற்றில் குமிழைத் திருகுகிற மாதிரி விரலைச் சுற்றுகிறார். மெக்கானிக் புத்தி போகவில்லை! இரண்டில் இருந்ததை மூன்றில் வைத்தேன். மறுபடியும் திருகினார். "இதுக்கு மேல இல்லப்பா, மூணுதான் கடைசி" என்றேன். படுக்கையில் ஓங்கி ஓர் அடி அடித்தார்.

குழந்தை மாதிரி அடம். இன்னும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன்.

மே 8

தையல் கம்பெனியில் பன்னிரண்டு கோட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு. வீட்டிலிருந்தே நான் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்து, ஓரம் மடித்துக் கொடுக்கிறேன். எல்லாவற்றிலும் என் வேர்வைக் கறை. சூப்பர்வைசர் போனில், "என்னக்கா, குளிச்சிட்டுத் தைக்கிறீங்களா, தைச்சிட்டுக் குளிக்கிறீங்களா?" என்றாள். சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுகையும் வந்தது.

வேர்வை காயவே மாட்டேன் என்கிறது. ஊரில் வேர்ப்பதே தெரியாது, சட்டையில் உப்புக் கோடு மட்டும் நிற்கும். இங்கே உடம்பு முழுக்க யாரோ எண்ணெய் தடவிவிட்ட மாதிரி. சுவர் கூட நசநசக்கிறது. தீக்குச்சி உரசினால் பற்றவில்லை.

இதில் ஏதோ இருக்கிறது என்று இப்போது கூடத் தோன்றியது. ஆனால் சோறு கொதித்துவிட்டது, எழுந்து போய்விட்டேன்.

மே 11

எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து அதே கை, அதே திருகல். சாப்பாட்டைத் தட்டிவிட்டார். தண்ணீர் டம்ளரையும். நான் கத்திவிட்டேன். "என்னதாம்ப்பா வேணும் உங்களுக்கு? உங்க கூலர்தான ஓடுது! நாள் பூரா தண்ணி ஊத்தி ஊத்தி எனக்குக் கை விட்டுப் போச்சு! என்னையும் சேர்த்துப் படுக்க வைக்கணுமா?"

அப்பா அழுதார். சத்தம் இல்லாமல், இடது கண்ணில் மட்டும். நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். எட்டுக்கு நாலு இடம் அது, அங்கேயும் ஆறுதல் இல்லை.

கீழே இறங்கி ஒரு தெரு நடந்துவிட்டு வரலாம் என்று செருப்பைப் போட்டேன். யாரிடம் விட்டுவிட்டுப் போவது? செருப்பைக் கழற்றி வைத்தேன். நாற்பத்தொரு வயதில் எனக்கென்று மிச்சமிருக்கும் ஊர் சுற்றல், கட்டிலிலிருந்து அடுப்புக்கு.

மே 12

கூலர் மூன்றில். அப்பா என்னைப் பார்த்தபடியே இருக்கிறார்.

மே 14

இன்றைக்குக் கை தூக்கவில்லை. ஒரு வழியாக அடங்கிவிட்டார் என்று நிம்மதியாக இருக்கிறது.

மே 16 — ஆஸ்பத்திரி வராந்தா

நேற்று நடந்தது. விடாமல் எழுத வேண்டும்.

மத்தியானம் அப்பாவை எழுப்பினேன். கண் பாதிதான் திறந்தது. தொட்டால் கொதிக்கிறது. படியில் நின்று கத்தினேன். கீழ்வீட்டு ஐஸ் ஃபேக்டரிக்காரர்தான் முதலில் ஓடி வந்தார். காலை ஷிப்ட் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எச்சில் கையோடு. உள்ளே ஒரு காலை வைத்தவர் பின்வாங்கினார்.

"என்னம்மா இது, ஆவி பிடிக்கிற மாதிரி இருக்கு! முதல்ல ஜன்னலத் தொற. அந்தப் பெட்டிய நிறுத்து!"

"கூலர்ண்ணே... அப்பாவுக்குக் குளிர்ச்சியா இருக்கட்டும்னு..."

"குளிர்ச்சியா? கடல் பக்கத்துல காத்தே நனைஞ்சு கெடக்கு. அதுல நீ இன்னும் தண்ணிய ஏத்துனா, மனுசன் வேர்வை எங்க போய்க் காயும்? நிறுத்தும்மா!"

ஓடிப் போய்க் குமிழைப் பிடித்து இடது பக்கம் கடைசி வரை திருகினேன். கூலர் நின்றது. என் கை மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இதே திருகல். இடது பக்கமாகத்தான் அப்பாவின் விரலும் சுற்றியது. ஒவ்வொரு நாளும்.

போடு என்று அவர் ஒரு தடவையும் சொல்லவில்லை. நிறுத்து, நிறுத்து என்று சொன்னார்.

ஐஸ்காரரும் இரண்டாம் மாடி டிரைவரும் அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வேட்டியால் கட்டி இறக்கினார்கள். படி திரும்புகிற இடங்களில் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. நான் பின்னால் வெறுங்கையோடு வந்தேன்.

மே 17

காய்ச்சல் இறங்கவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்கிறார் டாக்டர்.

மே 19

காய்ச்சல் இறங்கியது. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள்.

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும். கடையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். துறைமுக ஊருக்கு மாற்றலாகிப் போகிற ஒருவர் பெரிய கூலர் கேட்டார். அப்பா தரமாட்டேன் என்றுவிட்டார். "அங்க வெயில் இல்ல சார், புழுக்கம். இது அங்க ஆகாது. எதுக்கு வீணாத் தூக்கிட்டுப் போறீங்க?" வந்த வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிறாரே என்று அம்மாவிடம் போய்க் கோள் கூடச் சொன்னேன்.

தெரிந்த மனிதர். இந்த ஊரிலேயே கூலரைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒரே மனிதர். அவரைக் கட்டிலில் போட்டு, அவர் செய்த பெட்டியாலேயே வேகவைத்திருக்கிறேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நிறுத்தவாப்பா?" என்று கேட்டிருந்தால் தலையை ஆட்டியிருப்பார். எனக்கு ஏன் தோன்றவில்லை? பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று நானே முடிவு செய்துவிட்டேனா?

அக்கா போனில், "நீ என்ன வேணும்னா செஞ்ச?" என்கிறாள். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்.

மே 23

வீட்டுக்கு வந்துவிட்டோம். அதே நாற்காலி, அதே வேட்டி, அதே நாலு மாடி. கீழே காலி வீடு எங்கேயும் இல்லை. தரகரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் எல்லோரிடமும் சொல்கிற "பார்க்கலாம்மா"வை எனக்கும் சொன்னார்.

ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கிறது. ஐஸ்காரர் கொடுத்த மேசை ஃபேன் தரையில். நனைத்த துணியால் அப்பாவின் கழுத்தையும் அக்குளையும் துடைத்துவிட்டு, ஃபேன் காற்றில் காய விடுகிறேன். வெக்கை குறையவில்லை. ஆனால் மூச்சு விட முடிகிறது.

மே 25

"மன்னிச்சிடுங்கப்பா" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஊட்டினால் வாய் திறக்கிறார், நான் பேசினால் கண் மூடுகிறார்.

மே 28

இன்றும் சுவர்.

கோபப்படட்டும். அவ்வளவு உயிர் இருக்கிறதே.

மே 31

மத்தியானம் தரையில் உட்கார்ந்து கோட்டு தைத்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் ஈரத் துண்டு, மடியில் பழைய துணி, கறை படக்கூடாதே. திடீரென்று கட்டிலில் தட்டுகிற சத்தம். அப்பா இடது கையை நீட்டி எதையோ தள்ளுகிற மாதிரி அசைத்தார்.

எழுந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"தண்ணியாப்பா?" இல்லை என்று தலை ஆட்டினார். "திரும்பிப் படுக்கணுமா?" இல்லை. "ஜன்னலா?" இல்லை. "ஃபேனா?" ஆமாம். "நிறுத்தணுமா?" இல்லை. "குறைக்கணுமா?" இல்லை. "கூட்டணுமா?" இல்லை. எனக்குக் கேள்வியே தீர்ந்துபோனது. விட்டுவிடவில்லை. "தள்ளி வைக்கணுமா? எங்கப்பா?"

கையை மெதுவாக நகர்த்தினார். கதவு, மேசை, பிறகு தரையில் நான் விரித்து வைத்திருந்த கோட்டு. அங்கே விரல் நின்றது.

"எனக்கா?"

என் முகத்தைப் பார்த்து, தலையை ஒரு தடவை நன்றாக ஆட்டினார்.

ஃபேனை இரண்டு பேருக்கும் படுகிற மாதிரி திருப்பி வைத்தேன். மிச்சமிருந்த நாலு கோட்டையும் அங்கே உட்கார்ந்துதான் முடித்தேன்.