ரோஸ் பையில் உங்கள் சிரிப்பு

அக்கா,

இன்று சாயங்கால வண்டியில் உங்களைப் பார்த்தேன். கிண்டியில் ஏறி லேடீஸ் பெட்டியில் இடம் பிடித்து நிமிர்ந்தால், எதிரே ஒரு பெண்ணின் மடியில் தாம்பரம் துணிக்கடையின் ரோஸ் கலர் பை. அதில் நீங்கள் சிரிக்கிறீர்கள். கீழே கொட்டை எழுத்தில், 'நான் வென்றேன்.' பங்குனி வெயிலில் உங்களை வாசலிலிருந்து அனுப்பிவிட்டு அழுதுகொண்டு நின்றோம். ஐப்பசியில் உங்கள் முகத்தைப் போட்டுச் சேலை விற்கிறார்கள். யாரைக் கேட்டுப் போட்டார்களோ, வயிறு எரிகிறது அக்கா.

மீட்டர்கேஜ் ஓடிய காலத்திலிருந்து இந்தப் பெட்டியில் சேர்ந்து போனவர்கள் நாம். தாம்பரத்தில் ஏறி, டிபன் பையை வைத்து எனக்கு இடம் போட்டிருப்பீர்கள். நான் சானடோரியத்தில் ஏறுவேன். ஆபரேஷன் முடிந்து நீங்கள் மறுபடி வேலைக்கு வந்த அன்று எல்லோரும் உங்கள் முந்தானையையே ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நீங்களே பேச்சை எடுத்தீர்கள்: "என்னடி பாக்கறீங்க? ஒரு பக்கம் எடுத்துட்டாங்க. கட்டி வலிக்கலைன்னு ஒரு வருஷம் விட்டுட்டேன். நீங்க யாரும் விட்டுடாதீங்க." பூக் கட்டிக்கொண்டிருந்தவள் கட்டுவதை நிறுத்திவிட்டாள்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால்தான் அந்தக் கடைக்காரர்கள் உங்களைத் தேடி வந்தார்கள். மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு விழாவாம். ரோஸ் சேலை எடுத்தால் ரோஸ் கண்ணாடி வளையல் இலவசமாம். கேன்சரை ஜெயித்த ஒருவர் மேடையேற வேண்டுமாம். அப்போதே உங்களுக்கு நோய் திரும்பி எலும்பு வரைக்கும் போயிருந்தது. மறைக்காமல் மேனேஜரிடம் சொன்னீர்கள். அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அதெல்லாம் வேணாம் மேடம். ஜனங்க தீபாவளிக்குத் துணி எடுக்க வராங்க, பயந்துடுவாங்க. பாசிட்டிவா ரெண்டு வார்த்தை போதும்" என்றார்.

போகவே கூடாது என்று உங்களோடு சண்டை போட்டேன். நீங்கள் கேட்டால்தானே. "மைக் கைக்கு வரட்டும்டி. வலிக்கலைன்னு விட்டுடாதீங்கன்னு அந்த ஒண்ணை மட்டும் சொல்லிட்டு இறங்கிடறேன். ட்ரெயின்ல ஒரு பெட்டிதான், அங்க ஊரே வரும்."

மேடையில் முதல் வேலையாக உங்களுக்கு வளையல் போட வந்தார்கள். ஆபரேஷனுக்கு அப்புறம் உங்கள் இடது கை வீங்கியே இருக்கும். அதில் ஊசி போடக்கூடாது, இறுக்கமாக எதுவும் ஏறக்கூடாது. கடைப் பெண் அந்தக் கையைத்தான் பிடித்து, கேமராவைப் பார்த்துக்கொண்டே வளையலை அழுத்தினாள். வளையல் உடைந்து மணிக்கட்டைக் கீறியது. நீங்கள் சிரித்தபடியே நின்றீர்கள். பையில் இருப்பது அந்தச் சிரிப்புதான்.

மைக் வந்தது. "எனக்குத் திரும்ப வந்திருக்கு" என்று ஆரம்பித்தீர்கள். அடுத்ததைச் சொல்வதற்குள் பாட்டைப் போட்டுவிட்டு, குலுக்கல் பரிசை அறிவித்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவில் கைக்குட்டையால் மணிக்கட்டை அழுத்திக்கொண்டு, "இந்த நோய்க்குத்தானே விழா எடுக்கறாங்க, இந்தக் கையைப் பத்தி ஒருத்தருக்கும் தெரியலையே" என்றீர்கள். கீறல் பெரிதில்லை. சிட்லபாக்கம் ஏரி வரும்வரை "சொல்ல விடலையேடி, சொல்ல விடலையே" என்று அதையேதான் புலம்பினீர்கள்.

நான் பையையே பார்ப்பதை இன்று அந்தப் பெண் கவனித்துவிட்டாள்.

"தெரிஞ்சவங்களாக்கா?"

"என் ஃப்ரெண்டும்மா."

"இப்ப நல்லா இருக்காங்களா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "பங்குனியில இறந்துட்டாங்க" என்றேன்.

அவள் பையை மடியில் நிமிர்த்தி வைத்து உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லாவரம் போனது. குரோம்பேட்டையில் கூட்டம் இறங்கியதும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, வலி இல்லைன்னா ஒண்ணும் இருக்காதுதானே?"

நான் சொல்லிவிட்டேன் அக்கா. பாட்டுப் போட இங்கே யாரும் இல்லை.

"வலிக்கலைன்னு விட்டுடாதம்மா. அவங்களுக்கும் வலிக்கல."

சானடோரியத்தில் நான் இறங்கவில்லை. காலையில் அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.