பிறந்த வீட்டுக் கோடி

நவம்பர் 12, புதன்

மதியம் 2.50க்குப் போன். தூறல். துறைமுக யார்டில் ஜப்பானுக்குப் போகிற இறால் ஃப்ரீசர் கன்டெய்னருக்குக் கரண்ட் பிளக் மாட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா: "செல்வி மயங்கி விழுந்துட்டா தம்பி, ஆஸ்பத்திரிக்கு வா." போனபோது எல்லாம் முடிந்திருந்தது. மூளையில் ரத்தக்கசிவாம். காலையில் தோசை சுட்டுக் கொடுத்தவள்.

பிளக்கைச் சரியாக மாட்டினேனா? தெரியவில்லை.

சாயங்காலம் ஃப்ரீசர் பெட்டி வந்தது. மூடியில் ஒரு பக்கம் ரப்பர் தளர்ந்து குளிர் கசிந்தது. டேப் ஒட்டினேன். பெரியம்மா சத்தம் போட்டாள்: "ஏலே, பொண்டாட்டி மூஞ்சியப் பாக்காம மிஷினப் பாக்கியே!"

எனக்குத் தெரிந்த வேலை அதுதானே.

13, வியாழன்

மழை விட்டுவிட்டு. செல்விக்குத் தாய் தகப்பன் இல்லை. பிறந்த வீடு என்றால் தம்பி குமார் ஒருத்தன்தான். கத்தாரில் ஏசி மெக்கானிக். நாள் முழுக்க வீடியோ காலில் அழுகை.

"பாஸ்போர்ட் கம்பெனி கையில இருக்கு அத்தான். அத வச்சிருக்க ஆளு லீவுல போயிட்டான். நாளைக்கு வரைக்கும் வைங்க."

நாளைக்கும் வர முடியாது. அவனுக்கே தெரியும்.

பெரியம்மா: "பொறந்த வீட்டுக் கோடி விழாம பொம்பளைய எப்படிலே எடுக்க? கடையில ஒரு சேல எடுத்து அவன் பேருல போடுவோம்."

குமார் விடவில்லை. "என் அக்காவுக்கு என் சம்பாத்தியத்துல நாந்தான் எடுக்கணும்." அங்கிருந்தபடியே ஆன்லைனில் போட்டுவிட்டான். எப்போதும்போல அக்காவின் ஆன்லைன் கணக்கில். நாளைக்கு வந்துவிடுமாம்.

14, வெள்ளி

வெயில். பதினோரு மணிக்கு எடுப்பதாகப் பேச்சு. கொட்டுக்காரர்கள் வந்தாயிற்று. கோடி வரவில்லை. பன்னிரண்டு. கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட்டேன்.

ஒரு மணிக்கு டெலிவரிக்காரர். பந்தலைப் பார்த்ததும் ஹெல்மெட்டைக் கழற்றினார். "செல்வி மேடம் போனுக்கு ஓடிபி வந்திருக்கும். கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க."

பெட்டியைக் காட்டினேன்.

"ஐயோ அண்ணாச்சி... ஆனா நம்பர் போடாம சிஸ்டம் எடுக்காதே."

அவள் போன் லாக். கூட்டத்தில் ஒரு குரல்: "அவ வெரல வச்சுப் பாருங்களேன்." பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் மூடியைத் திறந்தேன். இரண்டு நாளில் முதல் முறையாக அவளைத் தொட்டேன். குளிர்ந்த விரலைப் போன் எடுக்காது. எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். துடைத்து மறுபடி வைத்தேன்.

யாரோ பிடித்திருந்த போனிலிருந்து குமார் கத்தினான்: "அத்தான், அத்தான்! ஓடிபி எங்கிட்டயே ஆப்ல காட்டுது. அக்கா கணக்கு எம் போன்லயும் ஓப்பனாத்தான் இருக்கு."

நம்பர் சொன்னான். பார்சல் கைக்கு வந்தது. நான் விரலை விடவில்லை. "மூடுய்யா, பெட்டிக்குள்ள வெக்க ஏறுது" என்றார்கள். வேறு நாளாக இருந்தால் அதை நான்தான் சொல்லியிருப்பேன்.

கோடி போடும்போது நெட் கட். குமார் பார்க்கவில்லை.

17, திங்கள்

வானம் மூட்டம். வேலைக்குப் போகவில்லை. மெயில் பார்த்தேன். கம்பெனியின் சிங்கப்பூர் ஆபீஸிலிருந்து நாலு வரி ஆறுதல். என் பெயரில் எழுத்துப் பிழை. அதற்குக் கீழேயே புதன்கிழமை கன்டெய்னர் அலாரம். பிளக் லூஸாம். வேறு ஆள் போய்ச் சரிசெய்துவிட்டானாம். இறால் கெடவில்லை.

சந்தோஷப்படணுமா?

செல்வி போன் மேஜைமேல். லாக் திரையில் ஒரு செய்தி: செல்வி, சேலை பிடித்திருந்ததா? எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

குமார் கூப்பிட்டான். பாஸ்போர்ட் இன்றைக்குத்தான் கிடைத்ததாம். இனி வந்து என்ன என்று அவனே சொன்னான். பிறகு சேலையைப் பற்றிக் கேட்டான்.

"ஆப்ல நீல கலர்னு போட்டிருந்தான் அத்தான். நேர்ல எப்படி இருந்துச்சு? அக்காவுக்குப் பொருத்தமா இருந்துச்சா?"

"இருந்துச்சுடா."

நீலமா? எனக்கு விரல்தான் ஞாபகம் இருக்கிறது.

வைத்த பிறகு மறுபடி கூப்பிட்டான். போட்டோ இருந்தா அனுப்புங்க என்பான். ஒருத்தரும் எடுக்கவில்லை.

பதில் சொல்லாமல் என் போனை அணைத்துவிட்டேன்.