பக்கத்துக் கட்டில்

சேசு மரி சூசை

மேலப்புதூர், திருச்சி
வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி

அன்புள்ள ஃபெமினாவுக்கு,

மாடி வீட்டு அமலராணி அக்கா எழுதுவது. நீயும் குட்டி லின்சியும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். கிறிஸ்துமஸ் விழாவில் நான் எழுதி, நானே ஏரோது ராஜாவின் பெண்டாட்டியாக நடித்த நாடகம் பாதியில் நின்றதே, ஞாபகமிருக்கிறதா? மத்தியானம் சாப்பிட்ட மீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன்னிடமும் சொன்னேன். பொய். அன்று நான் மீனே சாப்பிடவில்லை. மைக்கைப் பிடித்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தது, மூச்சு மேலே ஏறவில்லை, இதோ செத்துவிடுவேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. சமையல் கூடத்து வழியாக ஓடி ஒரு ஆட்டோவில் ஏறிவிட்டேன். தலையில் அட்டைக் கிரீடம் அப்படியே இருந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, "ஏங்க, பின்னாடி யாரும் தொரத்துறாங்களா?" என்று கேட்டார். ராஜா துரத்துகிறார் என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு இல்லை.

அதற்குப் பிறகும் அது விடவில்லை. கடையில் நிற்கும்போது வரும், பூசையில் வரும். மூட்டுவலி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு நான் வியாழக்கிழமைதோறும் ஸ்ரீரங்கம் போவது மூட்டுக்காக அல்ல, இதற்காகத்தான். அங்கே ரஞ்சனி என்று ஒரு அக்குபஞ்சர் மேடம். காவிரியைத் தாண்டிவிட்டால் நம் கோயில் பங்குக்காரர்கள் யார் கண்ணிலும் படமாட்டோம் என்று நினைத்தேன்.

இதை இவ்வளவு விலாவாரியாகச் சொல்லக் காரணம், இதைச் சொல்லாமல் அடுத்ததைச் சொல்ல வழியில்லை. உன் வீட்டுக்காரர் ஆசீரும் அங்கே வருகிறார்.

பதறாதே, உட்கார்ந்து படி. போன் செய்திருக்கலாம்தான். ஆனால் என் வாய் எதையும் கொஞ்சம் சேர்த்துத்தான் சொல்லும். தாளில் என்றால் அடித்துவிடலாம். இதுவரை மூன்று இடத்தில் அடித்திருக்கிறேன், பார். உன் வாட்ஸ்அப் இங்கே கீழ் வீட்டில் ஆசீர் பார்க்கிற கம்ப்யூட்டரிலும் திறந்தே கிடக்கும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால் போட்டோ பிடித்து உன் மெயிலுக்கு அனுப்புகிறேன். நைட் டூட்டி முடிந்து வெளியே வந்ததும் இதைத்தான் முதலில் பார்ப்பாய்.

ரஞ்சனி மேடத்தின் இடத்தில் மூன்று கட்டில்கள், நடுவில் பச்சைத் துணித் திரை, அவ்வளவுதான். கையில், காலில், காது மடலில், புருவத்துக்கு நடுவில் என்று மயிரிழை போல ஊசி வைப்பார். வலிக்காது. பிறகு ஒரு வெண்கலக் கிண்ணத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டுவார். அது ஓய்ந்ததும் இசைக்கவை. பத்தாம் வகுப்பு ஆய்வுக்கூடத்தில் இருக்குமே, ரப்பரில் தட்டினால் ரீங்காரம் போடும் கவட்டை, அதேதான். அதன் காம்பை நெஞ்செலும்பில் வைத்தால் அந்த அதிர்வு உள்ளே இறங்கி, இறுகிப் போனதை யாரோ ஆணி பிடுங்குவது போலத் தளர்த்தும். முதல் நாள் நான் குறட்டை விட்டுத் தூங்கினேன். கிண்ணத்தின் சத்தம் எனக்கே கேட்கவில்லை. "நல்ல அறிகுறிதாங்க" என்றார் மேடம். மற்ற கட்டிலில் இருந்தவர்களுக்கு எப்படி இருந்ததோ தெரியாது.

இரண்டு வாரத்துக்கு முன்னால் பக்கத்துக் கட்டிலில் ஒரு ஆள் தொண்டையைச் செருமினார். பழைய ஸ்கூட்டரை மூன்று தரம் உதைத்து நான்காம் தரம் கிளப்புவது போன்ற செருமல். இத்தனை வருஷம் நம் மாடிப்படியில் தினமும் கேட்ட செருமல் எனக்குத் தெரியாதா? ஆனால் நான் என்ன செய்ய? இரண்டு கையிலும் ஊசி. எழுந்து ஓடவும் முடியாது, காதைப் பொத்தவும் முடியாது. ஊசி இல்லாவிட்டாலும் பொத்தியிருக்க மாட்டேன் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மேடம் கிண்ணத்தைத் தட்டினார். அந்தப் பக்கம் கட்டில் தடதடவென்று ஆடியது. "வேணாங்க, வேணாங்க, நிறுத்துங்க" என்று ஆசீர் கத்தினார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

ஃபெமி, பிப்ரவரி மாதம் அவர் சரக்கு ரயில் ஓட்டிப் போகும்போது ஒரு ஆள் தண்டவாளத்தில் வந்து நின்றிருக்கிறான். இவர் பிரேக் போட்டுவிட்டு ஹாரனை அமுக்கியிருக்கிறார். அத்தனை பெட்டி கோத்த வண்டி, பிரேக் போட்டதும் நிற்குமா? "கடைசி வரைக்கும் கையை எடுக்கலைங்க. அவன் திரும்பிப் பாக்கவே இல்லை" என்று இதையே நாலைந்து தரம் சொன்னார். அதற்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் அவருக்கு அந்த ஹாரன்தான். மிக்ஸி போட்டாலும், கோயில் மணி அடித்தாலும் அதுதான். அன்றிலிருந்து மெடிக்கல் லீவு. தினமும் உன்னோடு வீடியோவில் பேசும்போது சீருடை போட்டிருப்பாரே, அது உனக்காகப் போட்டுக்கொள்வது. கறுப்பு டூட்டிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு வருகிறார். மாடியிலிருந்து நானும் தினமும் கையாட்டி வழியனுப்பியிருக்கிறேன், மடச்சி.

மேடம் இரண்டு தரம், "மெல்லப் பேசுங்க சார், பக்கத்துல ஆள் இருக்காங்க" என்றார். இவர் குறைக்கவே இல்லை. இன்ஜின் சத்தத்திலேயே காலம் தள்ளிய மனுஷன், மெல்லப் பேச வராது போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வியாழன் அவருக்குக் கிண்ணமும் இல்லை, ரீங்காரமும் இல்லை. பயம் தராத சத்தம் ஒன்றை வீட்டிலிருந்து கொண்டு வரச் சொல்லியிருந்தார் மேடம். ஆசீர் என்ன கொண்டு வந்தார் தெரியுமா? போனில் நீ அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ். "குக்கர் வெயிட்டை எங்க வெச்சேன்னு என்னைக் கேக்காதீங்க, ரெண்டாவது டிராயர்ல பாருங்க, உங்க மூளையும் அங்கதான் கிடக்கும்." மேடம் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஏழாவது தரமோ எட்டாவது தரமோ அவர் தூங்கிவிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, புருவத்து ஊசி ஆடி விழுந்துவிட்டது.

நேற்று நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. எப்படித் தூங்குறீங்க என்று மேடம் கேட்டார். அதற்கு ஆசீர் சொன்னதை ஒரு எழுத்து கூட்டாமல் எழுதுகிறேன். "அவன் ஏன் திரும்பிப் பாக்கலைன்னுதாங்க யோசிச்சுக்கிட்டே இருக்கேன். நானும் ஒரு நாள் அங்க நின்னு பாத்தா தெரியும்போல இருக்கு."

மேடம் கையிலிருந்த கவட்டையைத் தட்டில் வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. சுற்றி வளைக்காமல் பேசினார். "சார், படபடப்பைக் கொஞ்சம் இறக்கி வைக்க என்னால முடியும். இது அதைத் தாண்டிப் போயிடுச்சு. மருந்து வேணும், மனநல டாக்டரைப் பாக்கணும், தனியா இருக்கக் கூடாது" என்று சொல்லி, அங்கேயே ஒரு டாக்டருக்குப் போன் போட்டு, நாளை சனிக்கிழமை காலை பத்தரைக்கு நேரம் வாங்கிவிட்டார். கூட யார் வருவாங்க என்று கேட்டார். என் சம்சாரம் இருந்தா வருவா, அவளுக்கு எதுவும் தெரியாது, சொல்லலாம்னு வாயைத் திறந்தாலே தொண்டை அடைச்சுக்குது என்றார் ஆசீர். அதையும் சத்தமாகத்தான், சுவருக்குச் சொல்வது போலச் சொன்னார்.

அவர் கிளம்பியதும் நானும் அவசர அவசரமாக ஊசியைப் பிடுங்கச் சொல்லிப் பின்னாலேயே போனேன். பஸ் ஏறாமல் பாலத்து நடைபாதையில் நடந்தார். நானும் பத்தடி தள்ளி, முகத்துக்கு நேரே குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சிவப்புப் பூப் போட்ட குடை, நம் தெருவே அடையாளம் சொல்லும். துப்பறிய இதைவிட நல்ல குடை கிடைக்கவில்லை. பாலத்தின் நடுவில் நின்றுவிட்டார். கிழக்கே ரயில் பாலத்தில் ஒரு வண்டி வந்தது. ஹாரன் அடித்தது. அவர் இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஃபெமி, என் நெஞ்சு எதற்கெல்லாமோ அடித்திருக்கிறது, நேற்று மட்டும்தான் நியாயமாக அடித்தது. குடையைப் போட்டுவிட்டுப் பாய்ந்து சட்டையைப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவர் ஒரு கையை எடுத்தார், போனைக் காதில் வைத்தார். வண்டி போய் முடியும்வரை கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டு நின்றார். குக்கர் வெயிட்டாகத்தான் இருக்கும். பிறகு மெதுவாக நடந்து சத்திரத்தில் பஸ் ஏறினார். நான் போய்ச் சேர்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. முன்னால் யாரோ கண்டக்டரிடம் சொல்லி நிறுத்தியதால் பின்படியில் தொற்றிக்கொண்டேன்.

இப்போது அவர் தனியாக இல்லை. நேற்று மாலையிலிருந்து எங்கள் வீட்டு டி.வி. ஓடவில்லை. பின்பக்க வயரைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தது நான். எங்கள் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் கிரிக்கெட் பார்க்கிற சாக்கில் உங்கள் வீட்டு சோபாவில்தான் கிடக்கிறார். ஆசீரைத் தனியா விடாதீங்க, எதுவும் கேக்காதீங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் முழுதாகச் சொல்லாத முதல் செய்தி இதுதான். மனுஷன் என்னை விநோதமாகப் பார்க்கிறார்.

நீ செய்ய வேண்டியது இதுதான். படித்து முடித்ததும் ஆசீரைக் கூப்பிடு. வீடியோ வேண்டாம், குரல் போதும். நல்லா இருக்கீங்களா என்று கேட்காதே, நல்லா இருக்கேன் என்பார், அதோடு போய்விடும். திட்டு. குக்கரைச் சொல்லித் திட்டு, டிராயரைச் சொல்லித் திட்டு. அவர் தொண்டை திறக்கிறவரை போனை வைக்காதே. சனிக்கிழமை டாக்டரிடம் ஸ்தனிஸ்லாஸ் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போகச் சொல். அப்புறம் ஊருக்கு வர லீவு கேள். கிடைக்காது என்று எனக்குச் சொல்லாதே, கேள்.

ஒன்று மட்டும் சத்தியம் செய். நான் சொன்னேன் என்று அவருக்குத் தெரியக்கூடாது. திரைக்குப் பின்னால் ஒரு மனுஷன் நம்பிச் சொன்னதைக் கேட்டு எழுதுகிறேன். எத்தனையோ பேர் சங்கதியை எத்தனையோ பேருக்குக் கடத்தியவள்தான். ஆனால் நேற்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. இது தெரிந்தால் அவர் இனி வாயே திறக்க மாட்டார். அப்படி ஆனால் அந்தப் பாவம் என்னோடுதான்.

மரியன்னை உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் ஒன்றாக வைத்துக்கொள்ளட்டும். உன் குரல் கீழ் வீட்டில் கேட்கிறதா என்று மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன்.

உன் அக்கா,
அமலராணி

பி.கு.: போட்டோ எடுப்பதற்கு முன்னால், மறுபடி அங்கே போய்ப் படுக்க மனசு கூசியதால், என்னை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லி ரஞ்சனி மேடத்துக்குப் போன் செய்தேன். மாத்தலாங்க, ஆனா ஆசீர் சாரையும் சேர்த்து மாத்தணுமே என்றார். முதல் நாள் நேரம் வாங்கும்போதே, அமலா அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில்தான் வேண்டும் என்று அவர் கேட்டு வாங்கினாராம்.