ஜனவரியில் கப்பல் ஏறினோம்

ஹாமர்ஃபெஸ்ட்,
ஜனவரி

அன்பு மகள் ஈதுனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பெர்த்தில் வெயிலும் காற்றுமாகச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். எழுத வேண்டுமே என்று எழுதவில்லை, இந்தத் தடவை உண்மையாகவே நலம்.

எங்கள் கல்யாண நாளுக்கு நீ வாங்கித் தந்த கப்பல் பயணம் முடிந்து முந்தாநாள் வீடு திரும்பினோம். எந்த மாதம் போவது என்பதை எங்களிடமே விட்டுவிட்டாய், அதை வைத்து இங்கே நடந்த கூத்தை உனக்குச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு பெரித் ஜூன்தான் என்று ஒற்றைக்காலில் நின்றாள், நடுராத்திரியிலும் சூரியன் இறங்காது, மேல்தளத்தில் நாற்காலி போட்டு உட்காரலாம் என்றாள். அந்தச் சூரியன்தான் ஜூனில் என் சமையலறை ஜன்னலிலும் நிற்கிறதே, அதுவும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற நேரம். எனக்குச் செப்டம்பர் ஆசை, மலையெல்லாம் சிவந்து கிடக்கும், கூட்டமும் இருக்காது. அப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு காபியைக் குடித்து முடித்துவிட்டு, ஜனவரிக்கே போடலாம் என்றார். பெரித் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "இருட்டைப் பாக்கவா கப்பல்ல போறீங்க ஹால்வார்? அதான் வாசல்லயே சும்மா கெடக்கே" என்றாள். நானும் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டேன்.

போன குளிர்காலத்தில் நான் கிடந்த கிடை உனக்குத் தெரியும். நவம்பரில் சூரியன் போய் இரண்டு மாத இருட்டு தொடங்கியதும் படுத்தவள், நீ போன் செய்தால்கூட எழுந்து வரவில்லை. வீட்டை விற்றுவிட்டுத் தெற்கே போய்விடுங்கள் என்று நீ அப்பாவிடம் அழுதாய். இன்னொரு இருட்டுக்காலத்தை நான் தாண்ட மாட்டேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அவர் பாட்டுக்குப் பனியை வாரிப்போட்டு, காபி வைத்து, கட்டிலுக்கே மீனெண்ணெய் கொண்டுவந்து ஒரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். "எனக்கெல்லாம் பழகிப்போச்சு, இருட்டு என்னை என்ன பண்ணும்" என்பார். அந்தப் பேச்சுதான் எனக்கு ஆகாது. என்னைப் பலவீனமானவள் என்று சொல்லாமல் சொல்வதுபோல இருக்கும். இந்தக் குளிர்காலத்திலும் நவம்பரில் அதேபோல ஆரம்பித்தது. அப்போதுதான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் ஜனவரி என்பதைச் சொன்னார். "சூரியன் இங்க வந்து சேர்ற வரைக்கும் நாம எதுக்குக் காத்துக் கெடக்கணும்? தெக்கே போனா வழியிலயே புடிச்சிடலாம்ல" என்றார். கப்பலுக்கு இன்னும் நாள் கிடந்தும், எழுந்து பெட்டியை எடுத்தேன்.

கப்பலில் பாதிப்பேர் வெளிநாட்டுக்காரர்கள். வானத்தில் பச்சையாக ஒளி ஆடியதும் போர்வையோடு வெளியே ஓடினார்கள். ஒரு ஜெர்மன்காரம்மா, உங்கள் ஊரில் இது வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஆவலாகக் கேட்டாள். திரையை இழுத்துவிட்டுத் தூங்குவோம் என்றேன், பாவம், அவளுக்கு முகம் வாடிவிட்டது. தெற்கே போகும்போது ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டினால் எல்லோருக்கும் ஒரு கரண்டி மீனெண்ணெய் கொடுப்பது வழக்கம் அல்லவா. அவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்க, உன் அப்பா இன்னொரு கரண்டி கிடைக்குமா என்று நீட்டினார். ஊற்றிக்கொண்டிருந்த பெண், "யப்பா, நம்ம ஊர்க்காரர் வந்துட்டாரு" என்று சிரித்தாள்.

அன்று மதியம் சூரியன் வந்தது. ரொம்பத் தாழ்வாக, இரண்டு தீவுகளுக்கு நடுவில், தண்ணீரை ஒட்டினாற்போல. நான் அழுவேன் என்று கைக்குட்டையோடு தயாராக நின்றேன். திரும்பிப் பார்த்தால் அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தேம்புகிறார். உன் பாட்டனாரை அடக்கம் செய்தபோதுகூட இவர் அழுது நான் பார்த்ததில்லை. என்ன ஆச்சு என்று பதறினேன். "எனக்கும்தான் குன்வோர். ஒவ்வொரு வருஷமும். நானும் படுத்துட்டா உன்னை யாரு எழுப்புறதுன்னு இருந்தேன்" என்றார். இத்தனை வருஷம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறோம் ஈதுன், எனக்குத் தெரியவில்லை. கைக்குட்டையை அவரிடம் கொடுத்தேன்.

இங்கே இன்னும் சூரியன் வரவில்லை, ஊர் இருட்டாகத்தான் இருக்கிறது. நேற்றுக் காலை அப்பா கட்டிலைவிட்டு எழவில்லை. "இன்னைக்கு என்னால முடியல" என்றார். அதைச் சொன்னாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் எழுந்து காபி வைத்தேன், பனியை வாரினேன், எண்ணெயை எடுத்துப்போய் ஒரு கரண்டி ஊற்றினேன். வாயைத் திறந்து வாங்கிக்கொண்டார். வீட்டை விற்பதா வேண்டாமா என்பதை வெளிச்சம் வந்தபிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம், அதைப் பற்றி நீ கவலைப்படாதே.

நீ அனுப்பியது கப்பல் டிக்கெட் என்றுதான் நினைத்தேன். நீ செய்தது அதைவிடப் பெரிய காரியம், அம்மா அதை மறக்க மாட்டேன். உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராமல் கடவுள் பார்த்துக்கொள்வார். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே. இன்னொன்று, இனி போன் செய்தால் அம்மா எப்படி இருக்கிறாள் என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு வைத்துவிடாதே. அவர் எப்படி இருக்கிறார் என்று கேள், பதில் வரும்வரை கொஞ்சம் பொறுத்திரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா குன்வோர்