வெயிலில் தெரியாத தீ

ஜூன் 4, 2025
ஞாயிறன்று புளியங்குடியில் ஒரு புதுவீட்டுப் பால்காய்ப்பு, எண்பது பேருக்கு எங்கள் சமையல், பஃபே. பாத்திரங்களுக்கு அடியில் கொளுத்தும் ஜெல் தீர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சாம்ராஜ் பெயிண்ட் கடையிலிருந்து ஒரு கேன் ஸ்பிரிட் வாங்கி வந்திருக்கிறார். "எரியிறதுக்கு எதுவா இருந்தா என்னட்டி?" கட்டின நாளிலிருந்து இதே சமர்த்துதான்! தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி வைத்தேன். தலை வலிக்கிறது.

ஜூன் 8
எழுதவும் முடியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.
மொட்டை மாடி, உச்சி வெயில். குருமா ஆறுகிறது என்று புதுவீட்டுக்காரம்மா முகம் சுளித்தார். குனிந்து பார்த்தேன் — பாத்திரத்துக்கு அடியில் ஸ்பிரிட் ஊற்றி எரியவிட்ட கப்பில் தீ இல்லை. பாத்திரம் சுடும் என்பதால் நாங்கள் கப்பை வெளியே எடுப்பதில்லை, வைத்த இடத்திலேயே ஊற்றிவிடுவோம். ஆறு வருஷமாக என்னோடு பரிமாறுகிறவள் ஜரினா. "ஏட்டி ஜரினா, அணைஞ்சு போச்சு, ஊத்து" என்றேன். பாட்டிலைச் சாய்த்தாள். அலறினாள். கையை உதறுகிறாள், கையில் ஒன்றுமே இல்லை! "என்னட்டி, குளவி கொட்டிட்டா?" என்று கேட்டேன். பாவி நான், அதைத்தான் கேட்டேன். அதற்குள் அவள் சட்டைக் கை தானாகச் சுருங்கிக் கருகியது. தீயே தெரியாமல் ஒரு தீ. யாரோ அண்டாத் தண்ணீரை அப்படியே கவிழ்த்தார்கள்.

ஜூன் 9
ஜரினாவுக்கு வலது கை, முழங்கை வரை வெந்திருக்கிறது. விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாதாம். டாக்டர் அவ்வளவுதான் சொன்னார்.

ஜூன் 10
தீயணைப்பு நிலையத்திலிருந்து காசி என்பவர் வந்து கேனைப் பார்த்தார். "இது மெத்தனால்மா. வெயில்ல இதோட தீ கண்ணுக்கே தெரியாது. ஒரு மடக்கு உள்ள போனா பார்வை போயிரும், உயிரும் போவும்."
சாம்ராஜ் மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டப் போனார். "ஏ அண்ணாச்சி! உள்ள ஆவி அடைஞ்சு பத்துனா தெருவே போயிரும். மண்ணுல இறங்குனா போர் தண்ணி என்னத்துக்கு ஆவும்?" என்று காசி பிடுங்கிக்கொண்டார்.
அந்தப் பாட்டில்கள் நான்கு நாள் என் அடுக்களையில், குடிதண்ணீருக்குப் பக்கத்தில் இருந்தன. கர்த்தாவே.

ஜூன் 13
"அவ அவசரப்பட்டு ஊத்திட்டா" என்று ஜரினாவின் கணவர் ரசூலிடம் சொன்னார் சாம்ராஜ். நான் பக்கத்தில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஜூன் 15
ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டேன். "ரசூல் அண்ணே, ஊத்தச் சொன்னது நாந்தான்."
"நானாத்தான் ஊத்தினேன்னுல்லா இவ சொன்னா" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார்.
ஜரினா அழுதாள். "ஏன்க்கா சொன்னிய? இனி உங்ககிட்ட வேலைக்கு விட மாட்டாவளே."
அந்தக் கையை வைத்துக்கொண்டு வேலையை நினைத்திருக்கிறாள்.

ஜூலை 3
பதினெட்டு நாளுக்குப் பிறகு ரசூல் போன் செய்தார். "நாளைக்குக் கட்டுப் பிரிக்காங்க. அக்கா பக்கத்துல இருந்தாத்தான் பிரிக்க விடுவேன்னு இவ சொல்லுதா. வந்துருங்க." உடனே வைத்துவிட்டார்.
பயமாக இருக்கிறது. முதல் பஸ்ஸுக்குப் போகிறேன்.