லோன்னா நல்லதுதானே

11 ஜூன் 2024, செவ்வாய்

அம்மாவிடம் சொல்லவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "லோன்னு சொன்னாங்கள்லா, லோன்னா நல்லதுதானட்டி?" நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

போன மாதம் அப்பாவின் குடலிலிருந்து வெட்டியெடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குக் கேட்டார்கள், கொடுத்தோம். அதில் என்ன பார்த்தீர்கள் என்று இன்று நானாகத்தான் டாக்டரம்மாவிடம் கேட்டேன். கட்டியின் செல்கள் எந்த அளவுக்குத் தாமாகச் சாகின்றன என்று காட்டும் அடையாளமாம். அப்பாவுக்கு லோ, அதாவது குறைவு. அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அம்மா "ஸ்தோத்திரம்" என்று எழுந்து மருந்து வாங்கப் போய்விட்டாள். அப்பா வீட்டில் இருந்தார்; மீதியைக் கேட்டது நான் மட்டும். "குறைவா இருக்கவங்களுக்கு நோய் திரும்ப வர்றது கொஞ்சம் கூடுதலாத் தெரியுது. எல்லா ஆய்வும் அப்படிச் சொல்லல. இதை வச்சு ஒரு ஆளுக்கு இப்படித்தான்னு சொல்ல முடியாது. ஆனா நெறிகட்டு வரைக்கும் பரவியிருக்கு, கீமோ போட்டே ஆகணும்."

சுகர் டெஸ்டில் லோ என்று வந்தால் சந்தோஷத்தில் கேசரி கிண்டுகிற வீடு எங்களுடையது.

12 ஜூன்

சாக வேண்டிய செல் சாகாமல் நிற்பதுதான் இந்த நோய். சாவு குறைவு, அதனால் கெடுதல் — இதை அம்மாவிடம் எந்தத் தமிழில் சொல்ல?

16 ஜூன், ஞாயிறு

அம்மா சபையில் சாட்சி சொன்னாள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எழுந்து நின்றுவிட்டாள். "எங்க வீட்ல அவுகளுக்கு டெஸ்ட்ல லோன்னு வந்திட்டு. கர்த்தர் சுகம் குடுத்திட்டாரு." எல்லோரும் அல்லேலூயா என்றார்கள். நானும்.

18 ஜூன்

கீமோ போட வேண்டும் என்பதை மட்டும் அப்பாவிடம் சொன்னேன். வரமாட்டாராம்.

"உங்கம்ம சாட்சி சொல்லியாச்சு மக்கா. இனி நான் ஊசி போட்டுட்டு வாந்தியெடுத்துக் கெடந்தா, அவ சொன்னது பொய்யின்னு ஆயிராதா? சபையில அவ மூஞ்சிய எங்கன கொண்டு வைப்பா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பயம் வந்தால் அப்பா சிரிப்பார். ஊசிக்குப் பயப்படுகிறவருக்கு இதைவிட கௌரவமான காரணம் கிடைக்குமா?

20 ஜூன்

சொல்லிவிட்டேன். அப்பா கடைக்குப் போனதும், அடுக்களையில். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தக் கட்டி லேசுல சாகாதுங்கியா?"

"அப்படியும் இருக்கலாம்மா. உறுதியா யாருக்கும் தெரியாது. கீமோ மட்டும் கட்டாயம் வேணும்."

"அத அன்னைக்கே சொல்லுததுக்கென்ன? ஊமையா நீ? ரெண்டு அலமாரி புக்கு படிச்சிருக்கா, பெத்தவகிட்ட ஒரு வார்த்த சொல்ல வாயில்ல!"

கழுவிய மீனையே திரும்பக் கழுவினாள். பிறகு மெதுவாக, "அப்பாட்ட நீ ஒண்ணும் பேசாத. நான் பாத்துக்கிடுதேன்."

23 ஜூன், ஞாயிறு

அம்மா மறுபடி எழுந்தாள். பாஸ்டரே நிமிர்ந்து பார்த்தார்.

"போன வாரம் நான் தப்பாச் சொல்லிட்டேன். லோன்னா நல்லதுன்னு நெனச்சேன். இது அப்பிடி இல்லியாம். அவுகளுக்கு இன்னும் வைத்தியம் இருக்கு. எல்லாரும் ஜெபிச்சுக்கிடுங்க."

அல்லேலூயா வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஷீலா அக்கா மட்டும் "ஆமென்" என்றாள். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு அப்படி எழுந்து நிற்க வராது.

வரும் வழியில் அப்பா அம்மாவிடம்: "ஏ ஞானம், முன்னமே சொல்லக் கூடாதா? எல்லாரும் என்னயத்தான் பாக்காங்க."

"பாக்கட்டும். ஊசிக்குப் போறீகளா, மாட்டீகளா?"

"போறேன். இல்லன்னா மூணாவது சாட்சியும் சொல்லிருவ."

2 ஜூலை

முதல் கீமோ. ஊசி ஏறும்போது அப்பா சிரிக்கவில்லை. அம்மாவின் வளையலைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

9 செப்டம்பர்

கீமோவால் அப்பாவுக்கு விரல் மரத்துப்போகிறது. சில்லறை கீழே விழுகிறது. "நிப்பாட்டிருவோமா?" என்றார். அம்மா அவர் சட்டை பட்டனைப் போட்டுவிட்டாள்.

20 டிசம்பர்

கீமோ முடிந்தது.

11 நவம்பர் 2025

அப்பாவின் ஸ்கேனில் கல்லீரலில் ஒரு புள்ளி; நோய் திரும்பியிருக்கிறது. சின்னது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. அவர் முழுதும் சொல்லி முடிக்கும்வரை மூன்று பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

21 நவம்பர்

எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அப்பா காபி கேட்டார். நாளைக்குத்தான் தரலாமாம்.